நாங்கள் வந்து சேரும் வரை



சென்ற இதழில் இரவு டியூட்டியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பாராட்டு இரண்டே வரி. மீதியெல்லாம் கோபம். "என் வீட்டுக்காரருக்கு ராத்திரி மூச்சுத் திணறல் வந்தது. 108-க்குப் போன் செய்தேன். வண்டியை அனுப்புங்கள் என்றால், எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது, அவருக்கு என்ன வயது, பேசுகிறாரா என்று கேள்விமேல் கேள்வி. அந்த நேரத்தில் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தெரியும், சகோதரி. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் என் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஒரு கேஸ் எங்கள் கைக்கு வரும்போது, வீட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருப்பது நீங்கள் சொன்ன நாலு வார்த்தைதான். "மாரியம்மன் கோயில் பக்கத்துல, சீக்கிரம் வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் ஏது? ஒருமுறை நாங்கள் மேலத்தெரு மாரியம்மனிடம் போய் நின்றோம். நோயாளி கீழத்தெரு மாரியம்மனிடம் காத்துக்கொண்டிருந்தார். நல்ல காலம், அவருக்குக் கால் எலும்பு முறிவுதான். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். மாரடைப்பாக இருந்திருந்தால்?

பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா என்று கேட்பதும் சும்மா இல்லை. அதை வைத்துத்தான் வழியிலேயே ஆக்ஸிஜனைத் தயாராக வைப்பதா, பிரசவப் பையைப் பிரிப்பதா என்று நாங்கள் முடிவு செய்கிறோம். ஆகையால் கேட்கிற கேள்விக்குப் பதறாமல் பதில் சொல்லுங்கள். பிறகு அந்தப் போனை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். வழி கேட்டு நாங்கள் அதே நம்பருக்குத்தான் கூப்பிடுவோம்.

இது சின்னக் கேள்விக்குப் பதில். இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை, ஒரு பெண் என்னைக் கேட்டாள். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

புதிதாக இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளர். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. படித்தது பி.எஸ்ஸி. விலங்கியல். தமிழ்நாட்டில் இந்த இலவச சேவை 2008-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. வண்டியில் நாங்கள் இரண்டே பேர். ஓட்டுகிறவரை எங்கள் பாஷையில் 'பைலட்' என்போம். பின்னால் நோயாளியோடு உட்காருகிறவள் நான். ஆக்ஸிஜன், சளியை உறிஞ்சும் கருவி, எலும்பு முறிந்தால் கட்டும் பட்டைகள், பிரசவ சாமான்கள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் போனில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு ஷிப்டு 12 மணி நேரம்.

வேலைக்கு எடுத்ததும் 50 நாள் பயிற்சி. வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை ராத்திரி வீட்டில் தலையணையை வைத்துச் செய்து பார்ப்பேன். அதைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டுவேன். மல்லாக்கப் போட்டு நடுவில் அழுத்துவேன். என் மாமியாருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. "ராத்திரி பகல்னு ரோட்டுல ஓடுற பொழப்பு நமக்கெதுக்கும்மா?" என்பார். தலையணையோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "புள்ளைய முதுகுல அடிக்கக் கத்துக் குடுக்கிற பள்ளிக்கூடத்தை இப்பத்தான் பாக்குறேன்" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பார். அந்தத் தலையணையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விடியற்காலை 5 மணிக்கு ஒரு கேஸ். 58 வயதுக்காரர், கொல்லைப்புறம் போய்விட்டு வந்தவர் தாழ்வாரத்தில் சரிந்து விழுந்துவிட்டார். எட்டு கிலோமீட்டர் தூரம். அறுவடை நேரம். ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். பைலட் அண்ணன் வளைத்து வளைத்து ஓட்டியும் 14 நிமிஷம் ஆகிவிட்டது.

உள்ளே போனால், அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். தலை தொங்கிக் கிடக்கிறது. ஒருவர் விசிறுகிறார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்க்கிறார், ஒருவர் வாயில் சோடாவை ஊற்றப் பார்க்கிறார். எல்லாம் பாசத்தில் செய்கிறதுதான். அவருடைய மருமகள் மட்டும், 25 வயது இருக்கும், "மாமா, மாமா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தரையில் இறக்கிப் படுக்க வைத்து மார்பை அழுத்த ஆரம்பித்தோம். வண்டியிலும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். முடிந்துபோயிற்று.

வெளியே வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். அந்த மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழவில்லை. "சிஸ்டர், நீங்க வர்றதுக்குள்ள நான் என்ன செஞ்சிருக்கணும்?" என்று கேட்டாள்.

"உன்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா. அவரு விதி அவ்வளவுதான்" என்றேன்.

சகோதரிகளே, நான் சொன்னது பொய்.

அவளால் செய்திருக்க முடியும். செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பிழைக்க ஒரு வழியாவது இருந்திருக்கும். இதயம் நின்றுவிட்டால் நாலைந்து நிமிஷத்திலேயே மூளை கெட ஆரம்பிக்கிறது. யாரும் மார்பை அழுத்தாமல் போகிற ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைந்துகொண்டே போகிறது. 14 நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாங்கள் எவ்வளவு வேகமாக வந்தாலும், அந்த முதல் சில நிமிஷங்கள் எங்களுடையவை இல்லை. வீட்டில் இருக்கிறவர்களுடையவை. பகலில் பெரும்பாலும் வீட்டில் இருப்பது யார்? நீங்கள்தானே!

அந்தப் பெண்ணிடம் அந்த நேரத்தில் மறுபடியும் அதே பொய்யைத்தான் சொல்வேன். வெந்த மனசில் வேல் பாய்ச்ச எனக்கு மனம் வராது. ஆனால் உங்களிடம் அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன்.

மார்பை அழுத்துவது எப்படி?

இதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் நின்றுபோன இதயத்தை ஓடவைக்க, மார்பைக் கிழித்துக் கையால் பிசைய வேண்டியிருந்தது. 1960-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூன்று பேர், மார்பை வெளியிலிருந்து அழுத்தினாலே உடம்பில் ரத்தம் ஓடும் என்று எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். அவர்களில் மூத்தவரான கூவன்ஹோவன் டாக்டரே இல்லை, மின்சார என்ஜினீயர்! வேண்டியது இரண்டு கைகள்தான். அவை நம்மிடமும் இருக்கின்றன.

பெரியவர் ஒருவர் திடீரென்று விழுந்து, தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால்:

1. ஒருவரை 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்.

2. நாற்காலியிலோ மெத்தையிலோ வேண்டாம். தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். வாயில் தண்ணீர், சோடா எதுவும் ஊற்றாதீர்கள்.

3. பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வையுங்கள். அதன்மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. உடம்பின் பாரம் முழுவதும் இறங்கும்படி 5 சென்டிமீட்டர், அதாவது 2 அங்குலம் ஆழத்துக்கு அழுத்துங்கள். உடனே மார்பு மேலெழும்ப விடுங்கள்.

4. நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. அம்மியில் அரைக்கிற நிதானம் போதாது, இன்னும் வேகம் வேண்டும். கை ஓய்ந்துபோகும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. இதயம் நின்ற பிறகும் சில பேர் கொஞ்ச நேரம், மீன் வாயைத் திறந்து மூடுகிற மாதிரி, விட்டுவிட்டு இழுப்பார்கள். 'மூச்சு வருதே' என்று வீட்டார் காத்திருந்துவிடுவார்கள். அது மூச்சு இல்லை. அழுத்த ஆரம்பித்துவிடுங்கள். விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். எலும்பு பிறகு கூடும். போன உயிர் திரும்பாது.

இப்போது தலையணைக் கதை

என் பயிற்சி முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். என் நாத்தனார் இரண்டு பிள்ளைகளோடு பிறந்தவீட்டுக்கு வந்திருந்தாள். மூத்தவளுக்கு நாலு வயது. சின்னவனுக்கு 10 மாதம். அன்றைக்கு நான் டியூட்டியில், வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, ஒரு பிரசவ கேஸோடு போய்க்கொண்டிருந்தேன்.

வீட்டில் வேர்க்கடலை வறுத்து முறத்தில் ஆறப் போட்டிருந்தார்கள். மூத்தவளுக்குத் தம்பி மேல் அலாதிப் பிரியம். தான் தின்கிற கடலையில் ஒன்றை அவன் வாயிலும் ஊட்டிவிட்டாள். குழந்தை ஒருதரம் இருமினான். பிறகு சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, அழுகை வரவில்லை. உதடு நீலமாகிறது. நாத்தனார் அலறிக்கொண்டே அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டப் போயிருக்கிறாள்.

அடுப்படியிலிருந்து வந்த என் மாமியார் குழந்தையைப் பிடுங்கினாராம். திண்ணையில் உட்கார்ந்து, அவனைக் குப்புறக் கையில் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டினாராம். ஒன்று, இரண்டு, மூன்று… நாலாவது தட்டில் கடலை தெறித்து விழுந்தது. குழந்தை வீலென்று அழுதான்.

நான் வீட்டுக்கு வந்தபோது ராத்திரி 9 மணி. மாமியார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கை இன்னமும் நடுங்கிக்கொண்டிருந்தது. "நீ தலகாணியப் போட்டு அடிப்பியே, அதே மாதிரிதான்மா அடிச்சேன். சரியாத்தானே செஞ்சேன்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"சரியாத்தான் செஞ்சீங்க அத்தே" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச்சு வரவில்லை. இத்தனை நாள் சிரித்துக்கொண்டே அவர் அத்தனையையும் கவனித்திருக்கிறார்! அன்றிலிருந்து என் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு முணுமுணுப்பு கிடையாது. மூன்று வேளையும் சாப்பாட்டு டப்பாவைக் கட்டி வைப்பதே அவர்தான்.

மறுநாள் குழந்தையை டாக்டரிடம் காட்டினோம். தொண்டையில் சிக்கியது வெளியே வந்துவிட்டாலும், துணுக்கு ஏதாவது நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அதனால் ஆஸ்பத்திரியில் ஒருதரம் காட்டுவது அவசியம். கூடுமானால் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

குழந்தைக்குத் தொண்டையில் அடைத்துக்கொண்டால்

பலமாக இருமினாலோ அழுதாலோ மூச்சு போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரும விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். சத்தம் வரவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் உடனே இறங்குங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை: உட்கார்ந்துகொண்டு, குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்தி, அந்தக் கையைத் தொடைமேல் தாங்கிக்கொள்ளுங்கள். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும். தாடையை விரல்களால் பிடியுங்கள், கழுத்தை நெரிக்காதீர்கள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, தலை தாழ்ந்தபடியே, மார்பின் நடு எலும்பில் 5 அழுத்து. அடைப்பு வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

ஒரு வயதுக்கு மேல்: முன்பக்கம் குனிய வைத்து முதுகில் அதே 5 தட்டு. வராவிட்டால், பின்னால் நின்று இரண்டு கைகளாலும் வயிற்றை வளைத்துப் பிடித்து, தொப்புளுக்கு மேலே, மார்பெலும்புக்குக் கீழே ஒரு முஷ்டியை வையுங்கள். மறு கையால் அதைப் பற்றி, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வெடுக்கென்று இழுங்கள். பெரியவர்களுக்கும் இதுவே. கர்ப்பிணிகளுக்கு மட்டும் வயிற்றில் கூடாது, மார்பின் நடுவில் அழுத்த வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் தோண்டாதீர்கள். இன்னும் உள்ளே தள்ளிவிடும். குழந்தை நினைவு தப்பிவிட்டால் தரையில் கிடத்தி, 108-ஐக் கூப்பிட்டு, மார்பை அழுத்தத் தொடங்குங்கள். சின்னக் குழந்தைக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம். குழந்தைகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவதும் முக்கியம். அதை முதலுதவி சொல்லித் தருகிறவர்களிடம் நேரில் கற்றுக்கொள்வதே நல்லது.

இன்னொன்று: 5 வயது வரை முழு வேர்க்கடலை வேண்டாம். பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

வீட்டுக்கு வீடு நான் பார்க்கிற தப்புகள்

சுட்ட புண்ணில் இட்லி மாவு, இங்க், பற்பசை, காபித்தூள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இவற்றில் எதுவும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். கொதிக்கிற ரசத்தில் குழந்தை கையை விட்டுவிட்டால், வீங்குவதற்கு முன்பே வளையலைக் கழற்றிவிடுங்கள். இடுப்பில் கொட்டிக்கொண்டால் அரைஞாண் கயிற்றையும்தான். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக் கொத்து. வலிப்பு பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிஷத்தில் தானே நின்றுவிடும். சாவி கொடுத்ததால் நின்றது என்று நம்பிவிடுகிறோம்! ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் ஆபத்து, உடனே கூப்பிடுங்கள்.

மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வரும்போது நெஞ்சுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் உங்கள் கதவு எண், தெரு, ஊர், அருகிலுள்ள பெரிய ரோடு, எளிதில் கண்ணில் படும் ஓர் அடையாளம், இவற்றைப் பெரிதாக எழுதி மாட்டுங்கள். பதற்றத்தில் சொந்த விலாசமே மறந்துபோகும். எத்தனையோ பேருக்கு மறந்திருக்கிறது. வண்டிக்குச் சொன்னதும் ஒரு ஆளைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். ராத்திரியானால் வாசல் விளக்கைப் போடுங்கள். நாயைக் கட்டுங்கள், வழியில் நிற்கிற சைக்கிளை நகர்த்துங்கள். இவையெல்லாம் சேர்ந்து எங்களுக்கு இரண்டு நிமிஷம் மிச்சமாக்கும். அந்த இரண்டு நிமிஷத்தின் விலை என்ன என்று மேலே படித்தீர்கள்.

இன்று மத்தியானம், சாப்பாடு முடிந்து கொஞ்சம் ஓய்ந்த பிறகு, ஒரு தலையணையை எடுத்துப் பாருங்கள். குப்புறப் போட்டு 5 தட்டு, திருப்பி 5 அழுத்து. பிறகு தரையில் வைத்து, இரண்டு கையாலும் நிமிஷத்துக்கு 100 அழுத்து. மாமியார் சிரிப்பார். சிரிக்கட்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் முக்கியம். இந்த வித்தை உங்களுக்கு ஒருநாளும் தேவைப்படாமலே போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அந்த மருமகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு, இவ்வளவு நாள் கழித்து, உங்கள் மூலமாகப் பதில் சொல்லிவிட்டேன்.

அடுத்த இதழில், அந்த 40 கிலோமீட்டர் தூரத்துப் பிரசவ கேஸ் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தக் குழந்தைக்குப் பொறுமை இல்லை!